குளியலறைக் கண்ணாடியின் பின்னே ஒரு தேரை

ஐதராபாத்தின் சைனிக்புரியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் எங்களுக்கு முன்பே ஒருவர் குடியிருந்தார். குளியலறைக் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரலளவு இடைவெளியில் பகல் முழுவதும் கால்களை மடக்கி உறங்குவார். விளக்கேற்றும் நேரத்தில் வெளிப்பட்டுச் சன்னல் கம்பியில் அமர்வார். பழுப்பு நிற உடல், பெரிய கண்கள், விரல் நுனிகளில் வட்டத் தட்டுகள். தேரை என்றும் மரத்தவளை என்றும் நாம் வழங்கும் இவ்வுயிரைத் தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் 'கப்ப' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர்.

பத்து வயது மகள் அதைத் தொட்டியில் வைத்து வளர்க்க விரும்பினாள். நானும் இசைந்தேன். காலியாகக் கிடந்த மீன் தொட்டியில் ஈர மண்ணும் ஒரு கிளையும் வைத்து, மேலே கம்பிவலையால் மூடினோம். மூன்று நாட்கள் அது எதையும் உண்ணவில்லை. இரவெல்லாம் வலையில் மோதியதில் மூக்கின் நுனி தேய்ந்து சிவந்துவிட்டது. நான்காம் நாள் திறந்துவிட்டோம். அன்றிரவே கண்ணாடிக்குப் பின்னால் பழைய இடத்தில் இருந்தது. அந்தக் காயம்தான் என்னை இதைப் பற்றிப் படிக்க வைத்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக வாழும் இந்த இனத்துக்கு அறிவியலார் வழங்கும் பெயர் பாலிபெடேட்டஸ் மேக்குலேட்டஸ். 1830இல் ஜான் எட்வர்ட் கிரே இதை முதன்முதலாக விவரித்தார். சுண்ணாம்பு பூசிய சுவர்களில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆங்கிலேயர் இதைச் 'சுனாம் தவளை' என்றனர். தேரை மோந்த தேங்காயில் பருப்பிருக்காது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மகரந்தச் சேர்க்கைக் குறைவுக்கும் சத்துக் குறைவுக்கும் பாவம், தேரை பழி சுமக்கிறது.

தக்காணத்தின் கோடை, ஈரத்தோல் கொண்ட உயிருக்கு உகந்ததன்று. மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நகரில் இது எப்படிப் பிழைக்கிறது? லில்லிவைட் என்பவரும் இந்திய ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை உண்டு. இத்தேரை தன் தோலில் கொழுப்பும் சளியும் கலந்த நீர்மத்தைச் சுரந்து, கால்களால் அதை உடல் முழுவதும் பூசிக்கொள்கிறது. பிறகு கால்களை உடலோடு ஒட்டி மடக்கி அசையாதிருக்கிறது. இதனால் ஆவியாகும் நீர் குறைகிறது. அப்போது அதைக் கையில் எடுத்தால் அந்தப் பூச்சு கலையும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிவிட்டால் போதும், தொடமாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

தொட்டி வேண்டும் என்ற ஆசை மட்டும் மகளுக்கு எளிதில் அடங்கவில்லை. நகரிலுள்ள செல்லப்பிராணிக் கடை ஒன்றில் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை ஒன்றைக் காட்டினார்கள். சிரிப்பது போன்ற வாயும் தடித்த உடலும் கொண்டது, யாருக்கும் பிடித்துவிடும். நன்கு பேணினால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். நம் வங்கியில் நாம் இடும் வைப்புத்தொகைகள் பலவற்றின் முதிர்வுக் காலத்தைவிட அது நீண்டது! வாங்குமுன் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. பத்து வயதுக் குழந்தை கல்லூரி முடித்து வேலைக்குச் சென்ற பிறகும் அதற்கு உயிருள்ள பூச்சிகள் வேண்டும். வெறும் பூச்சி மட்டும் போதாது. கால்சியம் பொடி தூவித் தர வேண்டும். வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று முறை உணவிட்டால் போதும், மிகுந்தால் கொழுத்து நோயுறும். தவளை வாயால் நீர் அருந்துவதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. குளோரின் கலந்த குழாய்நீரை அப்படியே ஊற்றினால் அந்தத் தோல் பாதிக்கப்படும். மீன் தொட்டிகளுக்கு விற்கும் குளோரின் நீக்கியைக் கலந்து ஊற்ற வேண்டும். தொட்டியைத் தொட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் கட்டாயம். சால்மோனெல்லாக் கிருமி அதிலிருந்து பரவக்கூடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வெளியாயின. பதிவு பரிவேஷ் இணையதளம் வழியே நடைபெறுகிறது. மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளை 2010 முதல் அப்பட்டியலில் உள்ளது. பச்சைத் தவளை பட்டியலில் இல்லையெனினும், அது முறையாக இறக்குமதியானதா, எங்கு பிறந்தது என்பதற்கு எழுத்து வடிவில் சான்று கேட்பது வாங்குவோரின் உரிமை. நான் கேட்டபோது கடைக்காரர் விலையைக் குறைத்தார். சான்று எதையும் தரவில்லை.

அந்தச் சான்று காகிதத்துக்காக மட்டும் கேட்கப்படுவதன்று. கைட்ரிட் என்னும் பூஞ்சை தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்வது. குறைந்தது 501 இனங்கள் அதனால் குறைந்துள்ளன என்றும், 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன என்றும் 2019இல் வெளியான உலகளாவிய ஆய்வு தெரிவித்தது. அது நாடுவிட்டு நாடு பரவியதில் தவளை வணிகத்துக்குப் பங்குண்டு. நம் நகரின் அத்தாப்பூரில் உள்ள லாக்கோன்ஸ் ஆய்வகம், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அங்கம். இப்பூஞ்சையைக் கண்டறியும் புதிய சோதனை முறை ஒன்றை அங்குள்ள ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டனர். அலுத்துப்போன தவளையை ஏரியில் விடுவதும், தொட்டி நீரைத் தோட்டத்தில் கொட்டுவதும் எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து புரியும்.

கடையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பினோம். வீட்டுத் தேரையையும் பிடித்து அடைக்கவில்லை. நம் நாட்டுத் தவளைகள் சில சட்டப் பாதுகாப்புப் பெற்றவை, இனம் பிரித்தறியும் திறனும் நமக்கில்லை. மாறாக, அது தங்குவதற்கு ஏற்ப வீட்டைச் சற்று மாற்றினோம். குளியலறையில் பினாயிலும் கொசு மருந்துத் தெளிப்பும் நின்றன. தரையை வெந்நீரால் கழுவுகிறோம். சன்னல் வலையின் ஒரு மூலை திறந்தே இருக்கிறது. ஐதராபாத் வீடுகளில் ஏர் கூலரும் தேரைக்குப் பிடித்த இடமாகும். ஆதலால் கோடையின் தொடக்கத்தில் விசிறியைச் சுழலவிடுமுன் மரச்சீவல் தட்டியைக் கழற்றிப் பார்த்துவிடுகிறோம்.

ஜூன் மழைக்குப் பின் மொட்டைமாடியிலிருந்து மரத்தைத் தட்டுவது போன்ற 'டக், டக்' என்னும் ஒலி கேட்டது. துளசித் தொட்டியருகே வைத்திருந்த நீர்த்தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, கைப்பிடியளவு வெண்ணுரை ஒட்டியிருந்தது. பெண் தேரை பின்னங்கால்களால் அடித்து எழுப்பும் நுரைக்கூடு அது. முட்டைகள் அதனுள் ஈரம் காக்கப்பட்டு, சில நாட்களில் தலைப்பிரட்டைகளாகி நீரில் விழும். தவளையாக மாற ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

தேங்கிய நீர் என்றால் டெங்குக் கொசுவும் வருமே என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் விழுந்த நாளே தொட்டியை மெல்லிய கொசுவலையால் இறுகக் கட்டினோம். வேகவைத்த கீரையைச் சிறிதளவு இட்டு, வாரத்தில் இருமுறை பாதி நீரை மாற்றினோம். மாற்றிய நீரை, கொசுப்புழு இருந்தால் மடியட்டும் என்று, வெயிலில் காய்ந்த தரையில் ஊற்றினோம். பின்னங்கால்கள் முளைத்ததும் ஏறி நிற்க ஒரு மரக்குச்சியைச் சாய்த்து வைத்தோம்.

ஆகஸ்டு இறுதியில் ஓர் இரவு வலையை அவிழ்த்தோம். நகத்தளவே இருந்த தேரைகள் ஒவ்வொன்றாகக் குச்சியில் ஏறிச் சுவரைப் பற்றின. மகள் டார்ச் விளக்குடன் எண்ணினாள்: பத்தொன்பது.