தாய்க்கு ஒரு தராசு, மகளுக்கு ஒரு தராசு

1999 மே மாதம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நான்கு பேரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நால்வரில் இருவர் கணவன், மனைவி: முருகன், நளினி. நளினி குற்றவாளி என்பதில் மூன்று நீதிபதிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவரைத் தூக்கில் போடத்தான் வேண்டுமா என்பதில் பிரிந்தார்கள்.

அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸ், ஆயுள் தண்டனை போதும் என்றார். நளினி ஒரு பெண். காவலில் இருந்தபோது பிறந்த பெண் குழந்தைக்குத் தாய். சதித்திட்டம் வகுத்தவர் அல்ல, சொன்னபடி நடந்தவர். குழந்தையின் தகப்பனுக்குத் தூக்கு உறுதியான பிறகு தாயையாவது விட்டுவைத்தால் அது அநாதையாகாதே என்பது அவர் முன்வைத்த நியாயம். மற்ற இரு நீதிபதிகளும் இதை ஏற்கவில்லை. பெண், தாய் என்பதற்காக மட்டும் உச்சபட்சத் தண்டனையிலிருந்து ஒருவர் தப்ப முடியாது என்ற பக்கமே பெரும்பான்மை ஆனது. 2000இல் தமிழக அரசின் பரிந்துரையை ஏற்று ஆளுநர் பாத்திமா பீவி நளினியின் தூக்கை ஆயுளாகக் குறைத்தார்.

அதே குழந்தைக்கு முருகன்தான் அப்பா. அந்த உறவு அவர் பக்கத் தட்டில் ஏறவே இல்லை. அவர் சாகப்போவதுதான் மனைவியைக் காப்பாற்றச் சொல்லப்பட்ட காரணம். 2014இல் அவருடைய தூக்கு ரத்தானதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. கருணை மனுவைப் பதினோரு ஆண்டுகள் கிடப்பில் போட்டதற்காக உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்தது.

குற்றம் ஒன்றாகவே இருந்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தண்டனை ஒன்றாக இருப்பதில்லை என்பதை அமெரிக்காவில் எண்களாகவே கணக்கெடுத்திருக்கிறார்கள். அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராக இருந்த சோன்யா ஸ்டார், மத்திய நீதிமன்ற வழக்குகளை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கைதான குற்றம், பழைய வழக்குகள் போன்றவற்றைச் சமன்செய்து பார்த்தபோதும் ஆண்களுக்குச் சராசரியாக 63 சதவீதம் நீண்ட தண்டனை கிடைத்திருந்தது. குற்றம் உறுதியான பிறகும் சிறைக்குப் போகாமல் தப்பும் வாய்ப்பு பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு.

அப்படியானால் பெண்ணுக்குச் சட்டம் சலுகை காட்டுகிறது என்று முடித்துவிடலாமா? உத்தரப் பிரதேசத்தின் அம்ரோஹா வழக்கைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. 2008இல் அங்கே ஓர் ஆசிரியை, காதலனோடு சேர்ந்து தன் குடும்பத்தினர் ஏழு பேரைக் கொன்றார். இறந்தவர்களில் பத்து மாதக் குழந்தையும் உண்டு. அப்போது அந்தப் பெண் கர்ப்பிணி. கர்ப்பிணிக்குத் தூக்கு விதிக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் 2010இல் தீர்ப்பு வருவதற்கு முன்பே சிறையில் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. 2015இல் தூக்கை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், பெற்றோருக்கு மகள் என்பவள் யார் என்று விளக்கியது: பராமரிப்பவள், தாங்குபவள், கண்மூடி நம்பப்படுபவள். அந்த நம்பிக்கையை உடைத்தது குற்றத்தை இன்னும் கொடியதாக்கியதாம்.

ஏழு பேரைக் கொன்ற மகனுக்கும் இரக்கம் கிடைத்திருக்காது. இருந்தாலும் மென்மையும் பராமரிப்பும் அவனிடம் எதிர்பார்க்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். பெண்ணைக் காப்பாற்றும் அதே பிம்பம்தான் அதற்கு வெளியே கால் வைத்தவளைக் கூடுதலாகத் தண்டிக்கிறது.

பிம்பம் ஒருபுறமிருக்க, சட்டத்தின் வாசகமே ஆண் கோபத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் நிலைகுலைந்து கொன்றால் அது கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்தல், தண்டனையும் குறையும். இதில் ‘திடீர்’ என்பதுதான் சிக்கல். பத்து வருடம் அடிவாங்கிய மனைவிக்கு எது திடீர்?

இந்தக் கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் நம்மூர்க் கதையிலிருந்தே விடை தேடியது. கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாய் பிழைத்துக்கொண்டார், குழந்தைகள் இறந்துவிட்டனர். தாய் மீது கொலை வழக்கு. நீதிமன்றம் ‘நல்லதங்காள் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டு, ஆத்திரமூட்டல் ஒரு நொடியில் வர வேண்டியதில்லை, சிறுகச் சிறுகச் சேர்ந்தும் வரலாம் என்றது. சட்டப் புத்தகத்தில் இல்லாத ‘தொடர் ஆத்திரமூட்டல்’ அப்படித்தான் தீர்ப்புக்குள் வந்தது. அண்ணி விரட்ட, ஏழு பிள்ளைகளோடு கிணற்றுக்குப் போனவளின் கதை அர்ச்சுனாபுரத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அதே 1989இல் இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா, பத்தாண்டுக் கொடுமைக்குப் பிறகு, படுத்திருந்த கணவர் மீது பெட்ரோல் கலவையை ஊற்றித் தீவைத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. ஐஸ்வர்யா ராய் நடித்த ‘ப்ரோவோக்ட்’ படம் இவருடைய கதைதான். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆத்திரமூட்டல் வாதத்தை ஏற்கவில்லை. கடும் மன அழுத்தத்தால் பொறுப்புணர்வு குன்றியிருந்தார் என்ற புதிய மருத்துவச் சான்றுதான் கைகொடுத்தது. கொலைத் தீர்ப்பு ரத்தாகி, ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனையாக, அவர் வெளியே வந்தார். கோபப்பட்ட பெண்ணாக அவரால் வெல்ல முடியவில்லை. நோயாளியாக வெல்ல முடிந்தது.

ஜாமீனிலும் இதே கணக்குதான். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கடும் நிபந்தனைகளிலிருந்து பெண்களுக்கு விலக்குத் தரும் பிரிவு ஒன்று உண்டு. 2024இல் தெலங்கானா அரசியல்வாதி கவிதா அதைக் கேட்டபோது, படித்த, செல்வாக்குள்ள அவர் நலிந்த பெண் அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது; இந்த வாதத்தை ஏற்றால் படித்த பெண் எவருக்கும் ஜாமீன் கிடைக்காதே என்று கண்டித்தது.