ஹிஜாமா: கிண்ணமும் கீறலும்

மருதமுனையிலே கைத்தறியின் முன் நாள் முழுதும் குனிந்திருப்பவருக்கு மாலையானதும் பிடரியும் தோளும் கடுக்கின்றன. சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவருக்கு இடுப்பு வலி. சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் நெல்மூடை சுமப்பவருக்கு முதுகு. அடுப்படியிலும் கிணற்றடியிலும் வாழ்நாளைக் கழித்த மூதாட்டிக்கு முழங்கால். கல்முனைக் கரையோரத்து ஊர்களிலே நாட்பட்ட வலியைப் பலர் நோயென்று கொள்வதில்லை; செய்யும் தொழிலோடு கூடப்பிறந்ததென்றே கொள்கின்றனர். எண்ணெய் தேய்க்கின்றனர், நொச்சியிலையை வதக்கி ஒற்றடம் கொடுக்கின்றனர், கடையில் குளிசை வாங்கி விழுங்குகின்றனர். அவற்றுக்கும் அடங்காத வலிக்கு ஹிஜாமா இருக்கிறது. மார்க்கத்தில் இடம்பெற்ற வைத்தியம் என்ற மதிப்பு அதற்கு உண்டு. கைப்பம்பும் பிளாத்திக்குக் கிண்ணங்களும் அடங்கிய பெட்டி இப்பொழுது விலைக்கும் கிடைப்பதால், மச்சான் முதுகிலே மச்சான் கிண்ணம் வைப்பதும், தாய்க்கு மகள் வைப்பதும் எளிதாகிவிட்டன.

ஹிஜாமா என்னும் அரபுச் சொல் உறிஞ்சுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஆனால் அந்த ஒரு பெயரின்கீழ் இரண்டு வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. தோலின்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றைக் குறைத்துத் தசையை மேலே இழுப்பது ஒன்று. இதனை உலர் முறை என்பர். அவ்வாறு இழுத்த இடத்தைக் கூரிய அலகினால் நுண்ணிதாகக் கீறி, மீண்டும் கிண்ணம் வைத்துக் குருதியை எடுப்பது மற்றொன்று. இது ஈர முறை. மார்க்க நூல்கள் ஹிஜாமா என்று பேசுமிடத்துப் பெரும்பாலும் கருதப்படுவது பின்னையதே. முதலாவது, பிழையாகச் செய்தால் தோலைக் கன்றச் செய்யும். இரண்டாவது, எவ்வளவு சிறிதாயினும் ஓர் அறுவைச் சிகிச்சை. இவ்விரண்டையும் ஒரே பெயரால் வழங்கி, ஒரே துணிச்சலோடு வீட்டிலே செய்யப் புகுவதிலேதான் இடர் தொடங்குகிறது.

இம்முறை அரபு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியிலே மருத்துவம் பற்றி எழுதிய செல்சுஸ் என்பவர் இருவகைக் கிண்ணங்களைக் கூறுகிறார். வெண்கலக் கிண்ணமாயின், எரியும் சீலைத்துண்டை உள்ளேயிட்டு உடலின்மேல் கவிழ்ப்பர். கொம்பாயின், நுனித் துளையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சியபின் துளையை மெழுகினால் அடைப்பர். வடமொழியிலுள்ள சுசுருத சங்கிதை, குருதியை வெளிப்படுத்தக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை என்னும் மூன்றையும் கூறி, வாதத்துக்குக் கொம்பும், பித்தத்துக்கு அட்டையும், கபத்துக்குச் சுரையும் என வகுக்கிறது. தமிழருடைய சித்த மருத்துவத்தில் எண்ணப்படும் 32 புறமருத்துவங்களுள் கீறல், அட்டைவிடல், உறிஞ்சல், குருதிவாங்கல் ஆகியனவும் உள்ளன. சீனரும் இதனை அறிவர். 2016ஆம் ஆண்டு இரியோ நகரில் நடந்த ஒலிம்பிக்குப் போட்டியிலே அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்சின் தோளில் வட்ட வட்டமான செந்நிறத் தழும்புகளைக் கண்டு உலகம் வியந்தது. கல்முனைக்குடியில் அந்தப் படத்தைப் பார்த்த முதியவர் வியந்திருக்க மாட்டார்.

கிண்ணம் எவ்வாறு பற்றிக்கொள்கிறது? அதற்கு இழுக்கும் சக்தி தனியாக ஏதுமில்லை. நம்மைச் சூழ்ந்த காற்று உடலின் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. உடலின் உள்ளிருந்தும் அதே அளவு எதிரழுத்தம் இருப்பதால் அஃது உணரப்படுவதில்லை. கிண்ணத்தினுள் தீயைக் காட்டும்போது காற்று சூடேறி விரிந்து வெளியேறுகிறது. கவிழ்த்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைகிறது. கைப்பம்பு அதே வேலையைத் தீயின்றிச் செய்கிறது. ஐந்து சென்றிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தில் காற்றழுத்தம் மூன்றிலொரு பங்கு குறைந்தால், அவ்வட்டத்தின்மேல் செயற்படும் விசை ஆறரைக் கிலோ எடைக்குச் சமமாகும். சிறு கிண்ணந்தானே என்று பம்பை மேலும் மேலும் இழுப்பவர் இந்தக் கணக்கை மறக்கலாகாது. தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் தசையின் மேற்பரப்பும் உயர்கின்றன. நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிகின்றன. சில வெடித்துக் குருதி தோலின்கீழே கசிகிறது. சிவப்பாகவும் ஊதாவாகவும் தோன்றும் வட்டம் இக்கசிவேயன்றி வேறில்லை. அடிபட்ட கன்றல் மறைவதுபோல அதுவும் ஒரு வாரம் பத்து நாளில் மறையும்.

வட்டம் கறுத்திருந்தால் “உள்ளே கெட்ட இரத்தம் நிறைய” என்று சொல்வதுண்டு. கருமை காட்டுவது இழுப்பின் வன்மையையும் தோலின் மென்மையையுமே. ஈர முறையிலே கிண்ணத்தில் சேரும் குருதி ஈரல்துண்டுபோல் உறைந்து கிடப்பதைக் காட்டி, “இதோ நோய்” என்று சொல்வாரும் உளர். எவருடைய குருதியும் உடலைவிட்டு வெளிவந்து சில நிமிடங்கள் நின்றால் அவ்வாறுதான் உறையும். உறையாவிட்டாலன்றோ அஞ்சவேண்டும்! நல்ல குருதியை விட்டுக் கெட்ட குருதியை மட்டும் பொறுக்கியெடுக்கும் ஆற்றல் கிண்ணத்துக்கு இல்லை. கழிவைப் பிரிக்கும் வேலையை இரவும் பகலும் ஈரலும் சிறுநீரகங்களும் செய்துகொண்டிருக்கின்றன.

அப்படியாயின் வலி குறைகிறதென்று பலர் சொல்வது பொய்யா? பொய்யன்று. 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வோல் என்னும் இரு அறிஞர் வலியைப் பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டனர். தோலிலிருந்து செல்லும் தொடுகை, அழுத்தம் முதலிய உணர்ச்சிகள் முதுகுத்தண்டிலுள்ள நரம்பு மையத்திலே ஒரு வாயிலைச் சாத்துவதுபோல வலியுணர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்த்துவிடுகிறோமல்லவா? கிண்ணத்தின் இழுப்பும் அவ்வகையில் உதவலாம். படுத்திருக்கும் ஓய்வும், அன்புடையவர் கை படுவதும், நம்பிக்கையும் தத்தம் பங்கைச் செய்கின்றன.

செர்மனியில் நடந்த இரண்டு சோதனைகள் இவ்விடத்துப் பொருத்தமானவை. 2013இல் வெளியான ஒன்றில், நாட்பட்ட கழுத்துவலியுள்ள 61 பேர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினருக்கு வீட்டிலுள்ள ஒருவரே, எண்ணெய் பூசிய முதுகிலே கிண்ணத்தை வைத்து உருவிவிடப் பயிற்றப்பட்டார். மறுபிரிவினர் தசைகளை முறையாக இறுக்கித் தளர்த்தும் ஒரு பயிற்சியைச் செய்தனர். பன்னிரண்டு வாரம் கழித்து இருதிறத்தாருக்கும் வலி குறைந்திருந்தது. எனினும் வலியளவில் ஒன்றைவிட மற்றொன்று மேலென்று காணப்படவில்லை. உடலெங்கும் நோவு தரும் தசைநார் வலியுடையோரிடம் செய்து 2016இல் வெளியிட்ட மற்றொன்றில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிடக் கிண்ணம் வைக்கப்பட்டோர் நலம் கண்டனர். ஆனால் உள்ளழுத்தம் நிலைக்காதவாறு துளையிட்ட போலிக் கிண்ணம் வைக்கப்பட்டோரும் ஏறத்தாழ அவ்வளவே நலம் கண்டனர். ஆகவே உலர் கிண்ணம் சிலருக்குச் சில நாள் ஆறுதல் தரும். தேய்ந்த முழங்கால் மூட்டை வளர்க்காது. பிதுங்கிய முள்ளெலும்புத் தட்டை உள்ளே தள்ளாது. இவ்வளவை எதிர்பார்த்துச் செய்பவர் ஏமாறமாட்டார்.

இனிக் கீறலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஈரல் அழற்சியை உண்டாக்கும் ‘பி’ வகை வைரசு உடலுக்கு வெளியே உலர்ந்த குருதித் துளியிலும் குறைந்தது ஏழு நாள் உயிர்த்திருக்க வல்லது. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். ஒரு வீட்டிலே தந்தைக்கு வைத்த கிண்ணத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மாதம் கழித்து மகனுக்கு வைக்கின்றனர். அடுத்த வீட்டார் இரவலாகவும் கொண்டுபோகின்றனர். வெந்நீரில் அலம்புவதாலோ தேற்றோல் ஊற்றித் துடைப்பதாலோ அறுவைக் கருவிக்குரிய தூய்மை அதற்கு வந்துவிடாது. கைப்பம்பு இழுக்கும்போது குருதித் துளிகள் கிண்ணத்தின் வால்வுக்குள்ளும் ஏறலாம். அங்கே எந்தத் துணியும் எட்டாது. அலகைப் புதிதாக வாங்கினோம் என்பதில் மட்டும் அமைதி கொள்வதற்கில்லை. ஈரல் அழற்சியின் ‘சி’ வகையும் எயிட்சு நோயின் வைரசும் குருதியின் வழியே செல்வனவே.

தொற்று ஒருபுறமிருக்க, நீரிழிவுடையோரின் கீறல் ஆறாமல் சீழ்கொள்ளக்கூடும். அவர்களுட் பலருக்கு உணர்ச்சி குன்றியிருப்பதால் புண் பழுப்பதும் உடனே தெரிவதில்லை. இருதய நோய்க்காகவோ பாரிசவாதத்துக்குப் பின்னரோ வாபரின், குளோபிடோகிரெல், அசுபிரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோரின் குருதி எளிதில் உறையாது. கீறினால் நிற்பது கடினம். மாதந்தோறும் குருதியை எடுத்தெடுத்து இரும்புச்சத்துக் குறைந்து சோகையுற்றவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியுள்ளன. ஏற்கெனவே குருதி குறைந்த பெண்களுக்கும் கருவுற்றோருக்கும் இது கூடவே கூடாது. உட்கார்ந்த நிலையிலே குருதியைக் கண்டதும் மயங்கி விழுந்து தலையில் அடிபடுவோரும் உண்டு.

இவ்வாறு கூறுவது மார்க்கம் மதித்த ஒன்றைக் குறைத்துப் பேசுவதாகுமோ என்று ஐயுறுவோர் உளர். தேன், ஹிஜாமா, சூடுபோடுதல் ஆகிய மூன்றிலும் நிவாரணம் உண்டென்றும், அவற்றுள் சூடுபோடுவது விரும்பப்படவில்லையென்றும் வரும் நபிமொழி புகாரீ தொகுப்பிலே மருத்துவப் பகுதியில் இடம்பெறுகிறது. பிறை 17, 19, 21ஆம் நாட்களைச் சிறப்பித்துக் கூறும் அறிவிப்பும் வேறு தொகுப்பில் உண்டு. அதே மருத்துவப் பகுதியில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. அதனை நினைப்பவர் குறைவு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குக் கிண்ணம் வைக்க அபூ தைபா என்பவரை அழைத்தார்கள். அவர் அத்தொழிலையே செய்து வந்தவர். அவருக்குக் கூலியாக இரண்டு ஸாஉ அளவு உணவுப்பொருளும் கொடுக்கப்பட்டது. கையில் கிண்ணமிருந்த யாரோ ஒருவர் அவ்வேலையைச் செய்யவில்லை. மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்யப்புகுந்தால் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் காணப்படுகிறது. மச்சானின் முதுகில் அலகை வைக்கும் மச்சான் இதனையும் அறிந்திருத்தல் நன்று. 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனாவும், சிறு குழந்தைகளுக்கும் 60 வயது கடந்தோருக்கும் இச்சிகிச்சை வேண்டாமென்றே எழுதினார்.

ஈர முறைதான் வேண்டுமென்பவருக்கு இந்நாட்டிலே வழி இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்னும் சொல்லினுள் சித்தம், யூனானி ஆகியவற்றையும் அடக்கி, வைத்தியர்களைப் பதிவுசெய்ய ஒரு மருத்துவச் சபையையும் அமைத்தது. யூனானி மருத்துவத்தில் கொழும்புப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது. பதிவுபெற்ற யூனானி வைத்தியரிடம் சென்று, ஒருமுறை பாவித்தபின் எறியப்படும் கிண்ணமும் அலகும் உண்டா, கையுறை உண்டா, குருதி தோய்ந்த பஞ்சு எங்கே போகிறது என்று கேட்பதில் வெட்கமில்லை. கேள்விக்குச் சினப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வீட்டில் செய்யத்தக்கது உலர் முறை மட்டுமே, அதுவும் தீயின்றி. திரியும் சாராயச் செறிவும் கொண்டு கிண்ணத்தைச் சூடாக்கப்போய் முதுகைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வலியுள்ளவர் குப்புறப் படுக்கவேண்டும். தசை தடித்த மேல்முதுகு, தோளின் பின்புறம், இடுப்பின் இருமருங்கு ஆகிய இடங்களே ஏற்றவை. முள்ளந்தண்டின்மேல் நேராகவும், கழுத்தின் முன்புறத்திலும், நரம்பு சுருண்டு புடைத்த காலிலும், புண், சொறி, மறு உள்ள இடத்திலும் வைத்தல் ஆகாது. தோலில் சிறிது எண்ணெய் பூசி, பம்பை ஒன்று இரண்டு முறை மட்டும் இழுத்து, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பழகியபின் பத்து நிமிடம் போதும். வலித்தால் உடனே காற்றை விடவேண்டும். கொப்புளம் எழும்பினால் அதிகம் இழுத்துவிட்டோம் என்பது பொருள். அதனைக் குத்தி உடைக்கலாகாது. பழைய தழும்பு மறையுமுன் அதே இடத்தில் மீண்டும் வைக்கவேண்டியதில்லை. உலர் முறையாயினும், குருதி உறையாமைக்கு மருந்து உண்போரும், தோல் மெலிந்த முதியோரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக்கூடாது.

சில வலிகளுக்குக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருக்கவே கூடாது. நெஞ்சிலோ இடத் தோளிலோ தாடையிலோ புதிதாக வந்து, வியர்வையோடும் மூச்சுமுட்டலோடும் நிற்கும் வலியை “வாய்வு பிடித்துவிட்டது” என்று படுக்கவைத்துக் கிண்ணம் வைக்கும் அரை மணி நேரம், இருதயத்தின் தசை மடிந்துகொண்டிருக்கும் நேரமாகும். இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் மரமரப்பு, கால் சோர்வு ஆகியன சேர்ந்தால் அன்றே வைத்தியசாலையை அடையவேண்டும். காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் கூடிய முதுகுவலியும், படுத்தாலும் தணியாது இரவிலே எழுப்பும் வலியும் ஆராயப்பட வேண்டியவை.

வைத்தியசாலைக்குச் செல்லுகையில் முதுகிலுள்ள வட்டங்களை மறைக்காமல் காட்டி, எப்பொழுது வைத்தது, கீறியதா இல்லையா என்று சொல்லிவிடல் வேண்டும். அடிபட்ட காயமென்றோ குருதி நோயென்றோ மருத்துவர் எண்ணிப் பரிசோதனைகளில் நேரம் கழியாதிருக்க அது உதவும். இரத்ததானம் செய்யச் செல்வோரும், அண்மையில் ஈர ஹிஜாமா செய்திருந்தால், கேட்கப்படுமுன்னரே அதைக் கூறிவிட வேண்டும். அந்தக் குருதி மற்றொருவரின் உடலுக்குள் போகவிருப்பது.