உளச்சோர்வும் மாணாக்கர் குழுவும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் எனது ஊர். அங்கு வயலிற் களையெடுக்கும் பெண்டிர் வரிசையாகக் குனிந்து நின்று, தத்தம் இல்லத்து இடர்களை ஒருவர்க்கொருவர் உரைத்துக்கொள்வர். ஒருத்தி சொல்ல, மற்றையோர் "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்பர். பொழுது சாயுமுன் அவள் முகம் தெளிந்துவிடும். இளமையில் யான் இதனை வீண்பேச்சென்றே எண்ணியிருந்தேன். கல்லூரி விடுதியிற் புகுந்து, மனம்விட்டுப் பேசுதற்கு ஒருவருமின்றி மூன்று திங்கள் கழித்த பின்னரே அதன் அருமை எனக்கு விளங்கிற்று.

துயரம் வேறு, உளச்சோர்வு வேறு. தேர்விற் குறைந்த மதிப்பெண் பெற்றவன் இருநாள் வருந்துதல் இயல்பு. மனவாட்டமோ, முன்பு விரும்பியவற்றிற் பற்றின்மையோ இரண்டு வாரமாக நாள்தோறும் நீடித்து, உறக்கமும் உணவும் குன்றி, கருத்து ஒருநிலைப்படாது, தான் எதற்கும் பயனற்றவன் என்னும் எண்ணமும் வேரூன்றுமாயின், மருத்துவர் அதனை நோயெனக் கருதுவர். அதனைச் சோம்பலென்று இகழ்வது, காய்ச்சலுற்றவனை நடுங்காதே என்று கடிந்துகொள்வதை யொக்கும்.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அழுகை தோன்றுதற்குரிய நிலைக்களங்கள் நான்கு கூறினார். அவை, பிறரால் இகழப்படுதல், உரியவற்றை இழத்தல், பண்டை நிலை கெடுதல், வறுமை என்பன. இந்நான்கையும் ஒரு விடுதி மாணவனிடத்தே காணலாம். கல்வராயன் மலையினின்று தன் குடும்பத்தில் முதல்வனாகக் கல்லூரிக்கு வருபவனை எண்ணிப் பாருங்கள். அவன் பேச்சைக் கேட்டு நகைப்பார் சிலர். பெற்றோரைப் பிரிந்த ஏக்கம் ஒருபுறம். தன் பள்ளியில் முதலிடம் பெற்றவன் ஈண்டுக் கடைவரிசையில் அமர்கின்றான். தந்தை பட்ட கடனோ நெஞ்சை அறுக்கின்றது. இவற்றினும் கொடியது யாதெனில், இத்துன்பம் தனக்கு மட்டுமே உரியதென அவன் நம்புதலாம்.

அந்நம்பிக்கையைக் களைவதே குழுச் சிகிச்சையின் முதற்பயன். 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசப் பிராட் என்பார், காசநோயுற்ற ஏழைகளை வாரந்தோறும் ஓரிடத்திற் கூட்டினார். உடல் பேணும் முறைகளைக் கற்பிப்பதே அவர் நோக்கம். ஆயினும், ஒத்த துயருடையோர் ஒருங்கிருத்தல் தானே அவர்க்கு ஊக்கமளித்ததை அவர் கண்டார்.

நோய் வருமுன் காக்கவும் இம்முறை உதவுமோ? பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் துணைவரும் இதனை ஆராய்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். உளச்சோர்வுக்கு இலக்காகக்கூடிய மாணவரிற் சிலர் பத்துப் பத்துப் பேராக, வாரத்திற்கு 2 மணி நேரம், 8 வாரம் கூடினர், ஏனையோர் கூடவில்லை. 231 பேரையும் 3 ஆண்டுகள் கவனித்தபோது, கூடியவரிடத்துக் கவலைநோயும் நடுத்தர உளச்சோர்வும் குறைந்திருந்தன. கடிய உளச்சோர்வில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லை. இவ்விரண்டையும் நாம் மறத்தலாகாது.

குழுவில் நடப்பது யாது? பயிற்சி பெற்ற ஒருவர் தலைமையில் எண்மரோ பதின்மரோ வட்டமாக அமர்வர். கேட்டதை வெளியிற் கூறலாகாதென்பது முதல் விதி. "இத்தேர்வில் தவறினேன், ஆதலின் வாழ்விலும் தவறுவேன்" என ஒருவன் கூறுவானாயின், அம்முடிவுக்குச் சான்று உண்டோ என அனைவரும் சேர்ந்து ஆராய்வர். அடுத்த வாரத்திற்குள் செய்யத்தக்க சிறு செயலொன்றை அவனே தேர்ந்துகொள்வான். மாலை நடையாயினும், வீட்டிற்கு ஒரு கடிதமாயினும் அமையும். தான் பிறர்க்கு ஆறுதல் கூறும் பொழுது, பயனற்றவன் என்னும் எண்ணமும் தானே தளரும்.

எனினும், இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. உயிர்விடும் எண்ணம் உடையாரைக் குழுவுக்குக் காத்திருக்கச் செய்யாது, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண் இரவும் பகலும் உதவும். தமிழக அரசு 2022 டிசம்பரில், அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு "மனம்" என்னும் மனநல நல்லாதரவு மன்றத்தைத் தொடங்கியது. ஏனைய கல்லூரிகட்கும் அத்தகைய மன்றம் வேண்டற்பாலதே.

என் மூன்று திங்கள் மௌனம் ஒரு ஞாயிறு மாலை கலைந்தது. மூத்த மாணவரொருவர் எங்கள் ஐவரை மரத்தடிக்கு அழைத்து, தாம் முதலாண்டில் அழுத கதையைச் சொன்னார். அது சிகிச்சையன்று, அதன் வித்து மட்டுமே. ஆயினும் அன்றிரவு யான் நன்கு உறங்கினேன். இவ்வாண்டு விடுதிக்குப் புதியராய் வந்தோரை அம்மரத்தடிக்கு அழைக்கும் முறை இப்பொழுது எம்முடையது.