படிவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

2008ஆம் ஆண்டின் வருமான வரிக் காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலும் வட கரோலைனாவின் ஷார்லட் நகரிலும் ஒரு சோதனை நடந்தது. எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக் கணக்கு நிறுவனத்தின் கிளைகளுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில், கல்லூரி வயதில் பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு ஒரு கூடுதல் சேவை கிடைத்தது. மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க 'ஃபாஃப்சா' என்றொரு படிவம் உண்டு. அன்று அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வரிக் கணக்கிலேயே விடை இருந்ததால் மென்பொருளே நிரப்பிவிட்டது. மீதியை ஊழியர் கேட்டுக் கேட்டு எழுதினார். பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெரி லாங் முதலிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். உதவி கிடைக்காத வீடுகளில், பள்ளி இறுதியாண்டில் இருந்த பிள்ளைகளில் 28 விழுக்காட்டினர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்திருந்தார்கள். உதவி கிடைத்த வீடுகளில் அது 36 விழுக்காடு. இன்னொரு குழுவுக்கு எவ்வளவு உதவித்தொகை கிடைக்கும், எந்தக் கல்லூரியில் என்ன கட்டணம் என்ற தகவல்கள் மட்டும் கொடுக்கப்பட்டன. படிவத்தை அவர்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவில் எந்த மாற்றமும் இல்லை.

தகவல் போதவில்லை, ஆள் வேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அறுபது ஆண்டுகளாக நடத்திவரும் முயற்சிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்தால் பெரும்பாலும் இந்த இடத்துக்கே வந்து நிற்கிறோம். பட்டதாரிகள் இருக்கும் வீட்டில் எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், விடுதிக்கு எப்போது எழுதிப் போட வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும். யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டில் ஆசை இருக்கும், மதிப்பெண்ணும் இருக்கலாம். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

இதை நேரில் கண்ட ஒருவர்தான் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். லிண்டன் ஜான்சன் தன் கல்லூரிப் படிப்புக்கு நடுவே, 1928இல், டெக்சஸின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1965 நவம்பர் 8 அன்று, தான் படித்த சான் மார்க்கோஸ் கல்லூரிக்கே குடியரசுத் தலைவராகத் திரும்பி வந்து உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, அந்தக் குழந்தைகளை நினைவுகூர்ந்தார். வறுமையால் அவர்களில் ஏறக்குறைய எவருக்கும் கல்லூரிக் கதவு திறக்காது என்பது தனக்கு அன்றே தெரிந்திருந்ததாகச் சொன்னார்.

அதற்கு முந்தைய ஆண்டின் வறுமை ஒழிப்புச் சட்டத்திலிருந்து 'அப்வர்ட் பவுண்ட்' பிறந்திருந்தது. 1965 கோடையில் சில கல்லூரி வளாகங்களில் சோதனை முறையில் தொடங்கிய திட்டம் அது. உயர்கல்விச் சட்டம் 'டேலன்ட் சர்ச்' என்ற இரண்டாவது திட்டத்தைக் கொண்டுவந்தது. 1968இல் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டவர்களுக்குத் துணை நிற்க மூன்றாவது ஒன்று சேர்ந்தது. மூன்றுக்கும் சேர்த்து 'ட்ரியோ' என்று பெயர் வந்தது. பிற்பாடு திட்டங்களின் எண்ணிக்கை பெருகியும் பெயர் மாறவில்லை. 1986இல் சேலஞ்சர் விண்கல வெடிப்பில் இறந்த இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நேரின் பெயரில், முனைவர் படிப்பை நோக்கிப் போகிறவர்களுக்கான திட்டமும் இதே குடையின் கீழ்தான் இருக்கிறது.

பணம் மத்திய அரசுடையது. நடத்துவது பெரும்பாலும் பல்கலைக்கழகமோ கல்லூரியோ. அப்வர்ட் பவுண்டில் சேரும் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த வருமானக் குடும்பத்தவராகவும், வீட்டின் முதல் பட்டதாரி ஆகக்கூடியவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழோடு நின்ற குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. ஆனால் அமெரிக்காவில் பெற்றோரின் படிப்பை மட்டுமே பார்க்கிறார்கள். அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தாலும் தம்பி தங்கைகள் தகுதி இழப்பதில்லை.

பள்ளி நாட்களில் மாலையிலும் சனிக்கிழமைகளிலும் வகுப்பு நடக்கும். கணிதம், ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், கட்டுரை எழுதுதல், இலக்கியம், அயல்மொழி ஆகியவற்றைக் கற்பித்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கோடை விடுமுறையில் பல வாரங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கிப் படிப்பார்கள். பதினைந்து, பதினாறு வயதில் விடுதி அறைச் சாவியைக் கையில் வாங்கி, நூலகத்தில் இடம் தேடி உட்கார்ந்து, பேராசிரியரிடம் சந்தேகம் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, பின்னாளில் கல்லூரி அந்நிய இடமாக இருக்காது. திட்டத்தை வகுத்தவர்கள் இன்னொன்றையும் மறக்கவில்லை. ஏழை வீட்டில் கோடை விடுமுறை என்பது பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் காலம். அதனால் கோடையில் மாதம் 60 டாலர் வரையும், மற்ற மாதங்களில் 40 டாலர் வரையும் கைச்செலவுப் பணம் தரலாம். கோடையில் வேலைப் பயிற்சிக்குச் செல்பவருக்கு மாதம் 300 டாலர் வரை தரலாம். சிறிய தொகைதான். என்றாலும் படிக்க வரும் பிள்ளையின் வீட்டுக் கணக்கையும் யோசித்தவர்கள் போட்ட விதி அது.

நடிகை வயோலா டேவிஸ் ரோட் ஐலண்டின் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற சிறிய ஆலை நகரில் பசியும் எலியும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர். அப்வர்ட் பவுண்ட் வழியாகத்தான் ரோட் ஐலண்ட் கல்லூரியின் வாசலுக்கு வந்தார். அங்கேயே 1988இல் பட்டம் பெற்றார். 2017இல் ஆஸ்கர் விருது வாங்கினார். தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜான் கின்யோனெஸின் குடும்பம் டெக்சஸிலிருந்து மிச்சிகனுக்குச் செர்ரி பறிக்கவும், ஒஹையோவுக்குத் தக்காளி பறிக்கவும் போய்வந்தது. கல்லூரிக்கு வழிகாட்டியது அதே திட்டம்தான் என்று அவரும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

தனிப் பல்கலைக்கழகம் ஒன்று தன் சொந்த முயற்சியாக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலீஸைப் பார்க்க வேண்டும். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க, கறுப்பினக் குடும்பங்கள். 1992இல் நகரில் வெடித்த கலவரத்தில் பற்றியெரிந்தது இந்தத் தென் பகுதிதான். வேலியின் ஒரு பக்கம் இன்று ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம். மறுபக்கம் அதன் உள்ளே ஒருநாளும் கால் வைக்காத பிள்ளைகள். 1980களின் இறுதியில் வடிவெடுத்த 'அண்டை வட்டாரக் கல்வி முயற்சி' அந்த வேலியைக் கடக்கப் பார்த்தது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டுகள் அதில் இருக்க வேண்டும். உயர்நிலை வகுப்புகளில் அதிகாலையில் பல்கலைக்கழக வளாகத்துக்கே வந்து ஆங்கிலமும் கணிதமும் படித்துவிட்டு, பிறகு தங்கள் பள்ளிக்குப் போவார்கள். சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. பெற்றோருக்கும் தனி வகுப்பு. அவர்கள் வந்தே ஆக வேண்டும். ஏழு ஆண்டு முடித்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகுதியையும் எட்டிவிட்டால் கல்விக் கட்டணம் முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்கும்.

முதல் அணி 1997இல் பள்ளியை முடித்தது. அன்று தொட்டு, முடித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஏதாவதொரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். ஏழு ஆண்டும் தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு இது. இடையில் நின்றவர்கள் இதில் இல்லை. அப்படியிருந்தும் இந்த ஏற்பாட்டில் எதைப் பாராட்ட வேண்டும் என்பது தெளிவு. பதினேழு வயதில் வந்து ஒரு கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல், பதினொரு வயதிலேயே கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மாவையும் அப்பாவையும் வெளியே நிறுத்தாமல் வகுப்பறைக்குள் உட்கார வைக்கிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சிக்கல் வேறு. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் மாநிலத்தில் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்தால் கட்டணமே கட்ட வேண்டியிருக்காது. அவ்வளவு நிதியுதவி ஏற்கெனவே உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பிப்பதே இல்லை. 2015இல் பொருளியலாளர் சூசன் டைனார்ஸ்கியும் அவருடைய சகாக்களும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பல்கலைக்கழகத்தின் மஞ்சள், நீல வண்ணங்களில் ஓர் அஞ்சல் உறையைத் தயாரித்தார்கள். இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்குக் கட்டணம் இல்லை, அதற்காக எந்த நிதியுதவிப் படிவமும் நிரப்ப வேண்டாம் என்று உள்ளே கடிதம் உறுதி சொன்னது. மாணவருக்குத் தவிர, பெற்றோருக்கும் பள்ளித் தலைமைக்கும் தகவல் போனது.

கடிதம் கிடைக்காதவர்களில் 26 விழுக்காட்டினர் மிச்சிகனுக்கு விண்ணப்பித்தார்கள். கிடைத்தவர்களில் 68 விழுக்காட்டினர். சேர்ந்தவர்களின் விகிதம் 12இலிருந்து 27 ஆனது. பல்கலைக்கழகம் புதிதாகச் சலுகை எதையும் தந்துவிடவில்லை. கிடைக்கலாம் என்றிருந்ததைக் கிடைக்கும் என்று மாற்றிச் சொன்னது, அவ்வளவே. கடன் என்றால் என்னவென்று தெரிந்த வீடுகளில் அந்த உறுதியின் எடை அதிகம்.

அப்படியென்றால் எல்லாருக்கும் கடிதமும் குறுஞ்செய்தியும் அனுப்பிவிட்டால் போதாதா? அனுப்பிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கல்லூரியில் இடம் கிடைத்து, போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கோடை முடியும்போது போகாமலே நின்றுவிடுகிறவர்கள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர். ஏழைப் பிள்ளைகளிடையே இன்னும் அதிகம். வைப்புத் தொகை கட்டும் தேதி, தடுப்பூசிச் சான்று, நிதியுதவிக் கடிதத்தில் புரியாத ஒரு வரி என்று ஏதோ ஒன்றில் கால் சிக்கிக்கொள்கிறது. பள்ளி மூடிக் கிடக்கும், கல்லூரி இன்னும் திறந்திருக்காது. கேட்க இரண்டு பக்கமும் யாரும் இல்லாத மாதங்கள் அவை. ஆய்வாளர்கள் பெஞ்சமின் காசில்மனும் லின்ட்சே பேஜும், செய்ய வேண்டியதை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பி, தேவைப்பட்டால் ஆலோசகர் ஒருவரோடு பேசவும் வழிசெய்து பார்த்தார்கள். ஒரு மாணவருக்கு ஆன செலவு ஏறத்தாழ ஏழு டாலர். சில நகரங்களில் சேர்க்கை தெளிவாகக் கூடியது. பிறகு இதே மாதிரிச் செய்திகள் நாடளாவிய அளவிலும் மாநில அளவிலுமாக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போனபோது பலன் எதுவும் தென்படவில்லை. ஊரும் பேரும் தெரிந்த ஆலோசகரிடமிருந்து வந்தது வேறு, எங்கிருந்தோ வந்தது வேறு என்பதே இந்த வித்தியாசத்துக்குப் பொருந்தும் விளக்கமாகப் படுகிறது.

ஆள் வைத்து நடத்தும் திட்டங்கள் மட்டும் தேர்வில் தேறிவிட்டனவா என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அப்வர்ட் பவுண்டை அரசு கடுமையாகவே சோதித்தது. 1990களின் தொடக்கத்தில் 67 இடங்களில் விண்ணப்பித்த ஏறத்தாழ 2,800 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சேர்த்து, மற்றவர்களைச் சேர்க்காமல் விட்டு, மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2009இல் வந்த இறுதி அறிக்கை, ஒட்டுமொத்தக் கல்லூரிச் சேர்க்கையில் கண்டுபிடிக்கத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. திட்டத்தை நடத்துபவர்களுக்கு அது பேரிடி. முடிவுகளின் எடையில் கால் பங்குக்கும் மேல் ஒரே ஓர் இடத்தைச் சார்ந்திருந்தது, சேராமல் விடப்பட்டவர்களில் பலர் வேறு திட்டங்களில் உதவி பெற்றிருந்தார்கள் என்ற மறுப்புகள் எழுந்தன. இரண்டும் நியாயமான மறுப்புகள்.

அந்த ஆய்வுக்குள் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி கிடக்கிறது. சேரும்போது 'நான் பட்டம் வாங்குவேன்' என்று நினைக்கவே செய்யாத பிள்ளைகளிடம் திட்டம் பெரிய வேலை செய்திருந்தது. 2004 அறிக்கையின்படி, அவர்கள் நான்காண்டுக் கல்லூரியில் சேரும் விகிதம் இரு மடங்குக்கும் மேல் ஆனது. எப்படியும் போயிருக்கக்கூடிய பிள்ளைக்கு இந்தத் திட்டம் ஒரு வசதி. போகவே நினைக்காத பிள்ளைக்கு அதுவே வழி. ஆனால் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆர்வமுள்ள பிள்ளையின் பெயரைத்தான் பரிந்துரைப்பார்கள். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைத் தேடிப் போவது கடினமான வேலை. தேர்வு முறையை அந்தத் திசையில் திருப்புவதுதான் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். திட்டத்தை மூடுவது அல்ல.

மூடும் பேச்சு பலமுறை வந்திருக்கிறது. 2005இல் ஜார்ஜ் புஷ் அரசு அப்வர்ட் பவுண்டுக்கும் டேலன்ட் சர்ச்சுக்கும் நிதியை நிறுத்த முன்மொழிந்தது, நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. 2025 மே மாதம் டிரம்ப் அரசின் பட்ஜெட் முன்மொழிவு ட்ரியோ முழுவதையும், நடுநிலைப் பள்ளியிலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடரும் 'கியர் அப்' திட்டத்தையும் கைவிடச் சொன்னது. கல்லூரிக்குள் நுழைவது வசதியற்ற மாணவர்களுக்கு முன்பு போன்ற தடையாக இப்போது இல்லை என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். பேச்சில் இருந்த தொகை இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 158 கோடி டாலர். ட்ரியோவின் கீழ் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். தடை நீங்கிவிட்டது என்பதை மிச்சிகனின் புள்ளிவிவரம் ஏற்கவில்லை. கட்டணமே இல்லாமல் படிக்கத் தகுதியிருந்தும், அழைப்புக் கடிதம் வராத நூறு பேரில் எழுபத்து நான்கு பேர் விண்ணப்பம்கூடப் போடவில்லை.

அப்வர்ட் பவுண்டுக்கான மானியம் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை போட்டியில் வழங்கப்படுகிறது. ஆனால் பணம் ஆண்டுக்காண்டு நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைச் சேர்த்து, நீ பள்ளி முடிக்கும்வரை கூடவே இருப்போம் என்று அதன் பெற்றோரிடம் சொல்லும் திட்ட இயக்குநருக்கு, தன் கையில் உறுதியாக இருப்பது நடப்பு ஆண்டின் நிதி மட்டும்தான்.