கடமலைக்குண்டில் ஒரு பாஸ் கிட்டார் செய்ய முடியுமா? நெக்கை வாங்குங்க, மற்றதை உள்ளூர்லயே பார்த்துக்கலாம்!

இதைப் படிக்கும் போனிலேயே ஒரு இளையராஜா பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அடுத்து அதே பாட்டை நல்ல இயர்போனில் கேளுங்கள். இதுவரை இல்லாத ஒருத்தர் புதுசா வந்து உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். அவர்தான் பாஸ் கிட்டாரிஸ்ட். பாஸின் தடித்த கம்பியான 'இ' வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. போன் ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது.

1976-ல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, பாஸை வெறும் தாளத் துணையாக விடாமல் அதற்கெனத் தனி மெட்டே எழுதினார். அவர் குழுவில் சசிதரன் வாசித்த அந்த வரிகளைத்தான் இன்றைக்கும் பாஸ் பழகுகிறவர்கள் தேடித் தேடி வாசிக்கிறார்கள். ராஜா பிறந்த பண்ணைப்புரம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் இன்னொரு ஓரத்தில், வருசநாட்டு மலைக்குப் போகும் வழியில் வைகைக் கரையில் இருக்கிறது கடமலைக்குண்டு. இங்கே ஒரு இளைஞருக்கு பாஸ் கிட்டார் வேண்டுமென்றால் ஒன்று மதுரைக்கு பஸ் ஏறணும், இல்லைன்னா ஆன்லைன் ஆர்டர். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பாகங்களைத் தனித்தனியாகச் சேர்த்து, தானே ஒன்றைச் செய்துகொள்வது.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு மிச்சம் பிடிக்க இதில் இறங்காதீர்கள். நெக், பிக்கப், பிரிட்ஜ், ட்யூனர் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கூட்டினால், தொடக்க நிலை பாஸ் ஒன்றின் விலையை அது பெரும்பாலும் தாண்டிவிடும். திருப்பி விற்றாலும் பாதி தேறாது. கடையில் கிடைக்காத ஒன்று வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த வேலை. இடது கைக்காரர், சின்னக் கைக்கு ஏற்ற 30 அங்குல பாஸ் தேடுகிறவர், கமகத்துக்காக ஃப்ரெட் இல்லாத பாஸ் கேட்கிறவர்.

பாகம் பாகமாகப் பிரிக்கலாம் என்று யார் சொன்னது?

சொன்னவர் ஒரு ரேடியோ மெக்கானிக். அமெரிக்காவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது. 1951-ல் அவர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பாஸ்', நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் பாடியோடு முடுக்கியது. ஒரு நெக் கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். தொழிற்சாலை வசதிக்காக வந்த அந்த நாலு ஸ்க்ரூதான் இன்றைக்கு வீட்டில் பாஸ் செய்ய நினைப்பவருக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

கதவு திறந்ததும் உள்ளே போனவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸில் சேருவதற்கு முன்பு, 1961-ல், பில் வைமன் ஒரு மலிவான டல்லஸ் டக்ஸீடோ பாஸை வாங்கி, பாடியை வெட்டிச் சிறிதாக்கினார். தேய்ந்த ஃப்ரெட்டுகளையும் பிடுங்கினார். புதுசு போடலாம் என்றுதான் பிடுங்கினார். பிடுங்கிய பிறகு வந்த சத்தம் பிடித்துப்போக, அப்படியே விட்டுவிட்டார். 'அன்னக்கிளி' வந்த அதே 1976-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்ட ஜாக்கோ பாஸ்டோரியஸ், 1962 மாடல் ஜாஸ் பாஸின் ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸியை விரல்பலகை மேல் பூசியிருந்தார்.

நெக்கை மட்டும் ஏன் வாங்கச் சொல்கிறோம்?

ஏனென்றால் அது மரவேலை மட்டும் இல்லை, கணக்கு. வழக்கமான பாஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம். 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில் வரும். நடுவில் உள்ள ஃப்ரெட்டுகள் ஒவ்வொன்றும் முந்தையதை விடக் கொஞ்சம் நெருங்கிக்கொண்டே போகும். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் காது கண்டுபிடித்துவிடும். அது போக, நாலு கம்பியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவையில் நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து நிற்க உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி வேண்டும். முதல் முயற்சியிலேயே இதையெல்லாம் செய்யப் போனால் விறகுதான் மிஞ்சும்.

மற்ற வேலைகளுக்கு ஊரிலேயே ஆள் உண்டு.

பாடிக்கு ஒன்றே முக்கால் அங்குலத் தடிமன் போதும். புது மரம் வேண்டாம், ஈரம் காயக் காய அது கோணும். இடித்த வீட்டின் நிலை, கதவு விற்கும் பழைய மரக்கடைக்குப் போங்கள். பல வருசம் காய்ந்த தேக்கு, வேம்பு கிடைக்கும். உள்ளே ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எடையும் முக்கியம். ஃபெண்டர் பயன்படுத்தும் ஆல்டர் மரத்தில் சுமார் 2 கிலோ வரும் பாடி, தேக்கில் 3 கிலோவைத் தொடும். புளியமரம் என்றால் தோள்பட்டை காலி. வருசநாட்டுப் பக்கம் இலவ மரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதைத் தொடாதீர்கள். ஸ்க்ரூ பிடிக்காது, பாடி லேசாகி நெக் பாரத்தில் தலை தொங்கிவிடும். இலவு காத்த கிளிக்குக் கடைசியில் பஞ்சாவது கிடைத்தது!

அடுத்ததுதான் நிஜமான கண்டம். நெக் உட்காரும் குழி. இதன் ஆழம் பொதுவாக அங்குலத்தில் எட்டில் ஐந்து. நம்ம ஊர் கார்பென்டரிடம் அப்படிச் சொல்ல வேண்டாம், 'அஞ்சு நூல்' என்றால் அவருக்குப் பட்டென்று புரியும். அகலம் இரண்டரை அங்குலத்தை ஒட்டி வரும் என்றாலும், வாங்கிய நெக்கைக் கையில் கொடுத்து அதை வைத்தே அளந்து வெட்டச் சொல்லுங்கள். குழியில் அரை மில்லிமீட்டர் கோணினால், நெக்கின் நுனியில் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டராகிவிடும். கம்பி விரல்பலகையை விட்டே வெளியே ஓடும். அதனால் பிரிட்ஜுக்குத் துளை போடும் முன், நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் பிரிட்ஜ் வரை நூல் கட்டிப் பாருங்கள். மேஸ்திரி சுவருக்குக் கட்டுவாரே, அதே மாதிரி. நூல் இரண்டும் விரல்பலகையின் ஓரங்களிலிருந்து ஒரே அளவு தள்ளி ஓடினால் துளை போடலாம். பல ஊரிலிருந்து பல கம்பெனிப் பாகங்கள் வந்து சேரும் இந்த வேலையில், எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்துவது அந்த நூல்தான்.

கரண்டும் 'ஜி'யும்

வயரிங்கை மைக்செட் கடைக்காரரோ மொபைல் சர்வீஸ்காரரோ அரை மணி நேரத்தில் சால்டர் செய்துவிடுவார். ஜாஸ் பாஸ் வகை என்றால் 250 கே பாட் மூன்று, 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, ஜாக் ஒன்று. அவ்வளவுதான். ஒரே ஒரு வயரை மட்டும் மறக்கவே கூடாது. பிரிட்ஜிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் வயர். அது இல்லையென்றால் 'ஹம்ம்ம்' என்ற இரைச்சல் போகாது.

நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 'இ' கம்பியில் 3-வது ஃப்ரெட்டில் வரும் 'ஜி' 49 ஹெர்ட்ஸ். அதாவது, இரைச்சலும் இசையும் பக்கத்துப் பக்கத்து வீடு. டோனைத் திருகி ஒன்றை மட்டும் துரத்த முடியாது. இதற்காகத்தான் 1957-ல் ஃபெண்டர் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, காயிலை எதிரெதிராகச் சுற்றியது. இரண்டு துண்டிலும் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் தங்கும். லைனில் எர்த் சரியில்லாத வீடு என்றால் இந்த 'ஸ்ப்ளிட் காயில்' பிக்கப்பையே வாங்குங்கள் என்பது எங்கள் கருத்து.

கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். குழாயிலிருந்து அடிச்சுரம் வராது. மைக் சொருகும் ஓட்டையில் நேரடியாகச் சொருகினாலும் சத்தம் மழுங்கும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வேண்டும்.

மலையில் இருக்கும் மரம்

விரல்பலகைக்குப் பேர்போன இந்திய ரோஸ்வுட் வேறு எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். மலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று யாரிடமும் கட்டை கேட்டுவிடாதீர்கள். இந்த மரத்துக்காகவே தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டம் போட்டது. பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டிக்கும் அது பொருந்தியது. வருசநாட்டு மலைக்காடுகளை உள்ளடக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. சர்வதேச அளவில் 2017 ஜனவரியில் ரோஸ்வுட் வகை முழுவதும் சைட்ஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டார் கம்பெனிகள் திணறின. சில மாடல்களில் ஃபெண்டர் பாவ் ஃபெர்ரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. எனவே கடையில் பில்லோடு வாங்கும் ரோஸ்வுட் நெக்கில் சிக்கல் இல்லை. மேப்பிள் பலகை வைத்த நெக் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எல்லாம் மாட்டி, கம்பி கட்டி, ட்யூன் செய்தாச்சா? உடனே கச்சேரிக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு நாள் அப்படியே விடுங்கள், இழுவைக்கு நெக் பழகட்டும். மறுநாள் திரும்ப ட்யூன் செய்து, ஒவ்வொரு கம்பியையும் திறந்தபடி ஒரு முறை, 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். போனில் ஒரு ட்யூனர் ஆப் போதும். 12-வதில் சுரம் ஏறித் தெரிந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கித் தெரிந்தால் முன்னால். 'இ' கம்பியின் சேடில்தான் கடைசியில் எல்லாவற்றுக்கும் பின்னால் போய் நிற்கும். பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்கணும்.