கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே நட்ஸ் டார்ட்... அடிப்பகுதி ஊறிப்போகாமல் இருக்க என்ன செய்யணும்?

கிறிஸ்துமஸ் என்றாலே நமக்கு பிளம் கேக்தான். இங்கிலாந்தில் அதோடு மின்ஸ் பையும் உண்டு. ஒரு காலத்தில் நிஜமாகவே இறைச்சி வைத்துச் செய்த பண்டம் அது. இப்போது உள்ளே இருப்பது உலர் பழங்கள்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நட்ஸ் டார்ட். மொறுமொறு மாவுக் கிண்ணம், உள்ளே முந்திரி, பாதாம், வால்நட், பேரீச்சை. கேக் சொதப்பினால்கூட டீயில் முக்கிச் சாப்பிட்டுவிடலாம். டார்ட்டின் அடி ஊறிப்போனால் நட்ஸுக்குப் போட்ட காசு வீண்.

ஏன் ஊறுகிறது?

பூரணத்தில் முட்டை, கிரீம் என ஈரம் அதிகம். பச்சை மாவின் மேல் அதை ஊற்றினால், மாவு வேகும் முன்பே ஈரத்தை உறிஞ்சிவிடும். மேலே பொன்னிறமாகத் தெரியும், அடியில் களி! அதனால் மாவுக் கிண்ணத்தைத் தனியாக முதலில் வேகவைக்கணும்.

மாவு எப்படி?

மைதா 200 கிராம், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால் ரவை பதத்துக்கு உதிர்த்து, ஒரு மஞ்சள் கரு, ஒன்றிரண்டு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் விட்டுத் திரட்டினால் போதும். சப்பாத்தி மாவு பிசையும் பழக்கத்தில் அழுத்திப் பிசைய வேண்டாம். பிசையப் பிசைய இழுவை கூடி டார்ட் கட்டியாகிவிடும். நம்ம ஊர் வெயிலில் வெண்ணெய் சீக்கிரம் உருகும் என்பதால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே தேய்க்கணும்.

23 சென்டிமீட்டர் டார்ட் தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டு காய்ந்த கொண்டைக்கடலையை நிரப்புங்கள். இந்த எடைதான் மாவு உப்பாமல் பார்த்துக்கொள்ளும். சூடேற்றிய ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம். கடலையையும் பேப்பரையும் எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம். சூட்டோடு மீதி வெள்ளைக் கருவை மெல்லிசாகத் தடவி 2 நிமிடம் உள்ளே வைத்தால், ஈரத்தைத் தடுக்கும் படலம் ரெடி. (அந்தக் கடலை இனி சுண்டலுக்கு ஆகாது, அடுத்த டார்ட்டுக்கு எடுத்து வையுங்கள்.)

உள்ளே என்ன?

வறுத்த நட்ஸ் 200 கிராம், ஆரஞ்சு சாறில் ஊறிய பேரீச்சை, திராட்சை 100 கிராம். பழத்தை நன்றாக வடிகட்டிவிட்டுப் போடுங்க. சாற்றையும் சேர்த்து ஊற்றினால் பட்ட பாடெல்லாம் போச்சு. 2 முட்டை, நாட்டுச் சர்க்கரை 100 கிராம், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், கிரீம் 100 மில்லி, இரண்டு ஸ்பூன் தேன் கலந்து மேலே ஊற்றி, 170 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் லேசாக ஆடும்போதே எடுத்துவிடணும். ஆற ஆற அதுவும் இறுகிவிடும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு?

சுவிட்சர்லாந்தின் எங்காடின் பகுதியில் செய்யும் நட்ஸ் டார்ட்டின் பூரணத்தில் முட்டை கிடையாது. சர்க்கரையை கேரமலாக்கி, கிரீம் ஊற்றி, வால்நட்டைப் புரட்டி நிரப்புகிறார்கள். மாவிலும் மஞ்சள் கருவுக்குப் பதில் இன்னொரு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம்.

வெந்ததும் வெட்டினால் பூரணம் வழியும். 2 மணி நேரமாவது ஆறட்டும். கிரீம் இருப்பதால் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.