ரோசேசியா உள்ள தோலுக்கு வேதி உரிப்பு

வேதி உரிப்பு என்பது அமிலக் கரைசலைத் தோலில் பூசி, அதன் மேலடுக்கை அளவோடு காயப்படுத்தி உதிரச் செய்யும் சிகிச்சை முறையாகும். தோல் மருத்துவமனைகளிலும் அழகு நிலையங்களிலும் இதைக் ‘கெமிக்கல் பீல்’ என்கிறார்கள். முகப்பரு, பருத் தழும்பு, மங்கு, வெயில் கருமை ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. ரோசேசியா என்னும் முகச்சிவப்பு நோய் உள்ளவர்களுக்கும், எதைப் பூசினாலும் எரியும் தோல் உள்ளவர்களுக்கும் இது பொருந்துமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விளம்பரங்களில் ‘இறந்த செல்களை நீக்கும்’ என்று எழுதுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, காயம் என்ற சொல்லில் இருக்கிறது. காயத்தை ஆற்றும்போது தோல் புதிய அடுக்கை உண்டாக்குகிறது. அந்தப் புதுமைதான் பலன். ஆகவே, அந்தத் தோலுக்குக் காயத்தை ஒழுங்காக ஆற்றும் வலு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உரிப்பு நடக்கும் விதம்

தோலின் மேற்புறத்தைச் செங்கல் சுவராக எண்ணிக்கொள்ளலாம். தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக் அமிலங்கள் செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் துளைகளுக்குள்ளும் இறங்கும். டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் புரதத்தையே உறையச் செய்து தோலை வெளுக்க வைக்கிறது. ஃபீனால் இன்னும் ஆழமாகச் செல்லும். இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியது.

ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 1882ஆம் ஆண்டிலேயே சாலிசிலிக் அமிலம், ஃபீனால் முதலியவை தோலில் செய்யும் வேலையை விவரித்தார். கிளைகாலிக் அமிலக் குடும்பம் 1974இல் வான் ஸ்காட், யூ ஆகிய இருவரின் ஆய்வுக்குப் பிறகு மருத்துவத்தில் பரவியது.

ரோசேசியாவும் மாநிறத் தோலும்

ரோசேசியா பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தொடங்கும் நாள்பட்ட அழற்சி. கன்னம், மூக்கு, நெற்றியின் நடுப்பகுதி, மோவாய் ஆகிய இடங்களில் வரும். முகம் திடீரென்று சூடாகிச் சிவப்பது, மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிவது, சிறு புடைப்புகள், சீழ்க்கொப்புளங்கள், கண் உறுத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். வெயில், அடுப்பு வெக்கை, சூடான பானம், காரம், மது, மனக் கொந்தளிப்பு ஆகியவை இதைத் தூண்டும். இந்நோயில் மேலே சொன்ன சுவரின் சாந்து ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். உள்ளிருக்கும் நீர் எளிதில் ஆவியாகும். வெளியிலிருந்து வருவது எளிதில் உள்ளே புகும். அளவாகப் போட்ட அமிலம் அளவை மீறி வேலை செய்வதற்கு இதுவே காரணம்.

சிவப்பு என்பது வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட அடையாளம். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அது கண்ணுக்கு எளிதில் தெரியாது. சற்றே கருத்த, பழுப்பான நிறமாகத் தோன்றும். அதனால் நம்மவர்களின் ரோசேசியா ‘பரு’ என்றும் ‘கருமை’ என்றும் பெயர் பெற்றுவிடுகிறது. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. பரு என்று எண்ணிப் போகிறவருக்குப் பருவுக்கான உரிப்பைச் செய்தால், சில நாட்களில் முகம் தீப்பட்டதுபோல் எரியலாம். எரிச்சல் தணிந்த இடத்தில் நிறமிகள் கூடிக் கரும்படலம் உண்டாகும். அது மறைய மாதக்கணக்கில் ஆகும். கருமையைப் போக்கச் செய்தது கருமையைக் கூட்டிவிடுகிறது.

பருவிலிருந்து இதைப் பிரித்தறியச் சில வழிகள் உண்டு. பருவில் துளைகளை அடைத்த கரும்புள்ளிகள் இருக்கும். ரோசேசியாவில் அவை பொதுவாக இருப்பதில்லை. சோப்போ சன்ஸ்கிரீனோ பட்டவுடன் சுரீர் என்று எரிவது, வெக்கையில் நின்றால் முகம் கொதிப்பது, கண்ணும் சேர்ந்து உறுத்துவது ஆகியவை ரோசேசியாவின் பக்கம் சாய்பவை. கன்னத்தில் சிவப்பு வர லூபஸ் போன்ற வேறு நோய்களும் காரணமாகலாம் என்பதால், தோல் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முகம் வெளுக்க வேண்டும் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசியவர்களுக்கும் ரோசேசியாவைப் போன்ற நிலை வரும். களிம்பை நிறுத்தினால் முகம் எரியும், மறுபடி பூசினால் அடங்கும். அதனால் அதை விட முடியாது. ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் இந்திய அரசு 2018இல் சேர்த்தது. இத்தகைய களிம்பைப் பூசியவர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்தத் தோல் தேறும்வரை உரிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எப்போது செய்யலாம்?

வேதி உரிப்பு ரோசேசியாவைக் குணப்படுத்தாது. விரிந்த இரத்தக் குழாய்களை அது சுருக்குவதில்லை. அதற்கு லேசர் முறைகள் இருக்கின்றன. நோய் மருந்தால் அடங்கிச் சில மாதங்கள் அமைதியாக இருந்து, புடைப்புகளின் வடுவோ கருமையோ மட்டும் மிஞ்சியிருந்தால், மேலோட்டமான உரிப்பை மருத்துவர் கருதலாம். அப்போதும் மாண்டெலிக், லாக்டிக், அசெலெயிக், குறைந்த அளவு சாலிசிலிக் ஆகியவையே முதலில் வரும். மாண்டெலிக் அமிலத்தின் மூலக்கூறு பெரியது, மெதுவாக இறங்கும். கிளைகாலிக்கின் மூலக்கூறு சிறியது. விரைவாக இறங்குவதோடு, குறித்த நேரத்தில் காரம் சேர்த்து நிறுத்தவும் வேண்டும். பலவீனமான தோலில் ஓரிரு நிமிடத் தாமதமே புண்ணாகிவிடும். டிரைகுளோரோ அசெட்டிக், ஃபீனால் இரண்டும் இத்தகைய தோலுக்கு வேண்டாம்.

புட்டியில் எழுதிய விழுக்காட்டை மட்டும் நம்பக் கூடாது. பாடம் நடத்திய பழக்கத்தில் ஒரு கணக்குச் சொல்கிறேன். கிளைகாலிக் கரைசலின் பிஎச் 3.8 என்றால், அமிலத்தில் ஏறத்தாழப் பாதிதான் தோலுக்குள் எளிதில் புகும் நிலையில் இருக்கும். பிஎச் 1க்கு அருகில் போனால் ஏறத்தாழ முழுவதும் அந்நிலையில் இருக்கும். 30 விழுக்காடு என்று எழுதிய இரு புட்டிகள் ஒன்றல்ல. வீட்டில் பூசிக்கொள்ள இணையத்தில் விற்கப்படும் அடர் உரிப்புக் கரைசல்களை மருத்துவ மேற்பார்வையின்றிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்தது. எலுமிச்சைச் சாறு இயற்கையானதுதான், ஆனால் அதுவும் அமிலமே; வெயிலோடு சேர்ந்தால் கரும்பட்டையை உண்டாக்கும்.

முன்னும் பின்னும்

முதலில் காதுக்குப் பின்னாலோ தாடையோரத்திலோ சிறிய இடத்தில் பூசிச் சில நாட்கள் பார்க்கச் சொல்லுங்கள். ரெட்டினால் களிம்புகளை எத்தனை நாட்களுக்கு முன் நிறுத்துவது என்று கேளுங்கள். கருவுற்றிருப்பது, ஆஸ்பிரின் ஒவ்வாமை, உதட்டில் அக்கி வந்த வரலாறு, ஐசோடிரெட்டினாயின் மாத்திரை ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

செய்த பிறகு ஆவி பிடித்தல், ஃபேஷியல், கடலை மாவுத் தேய்ப்பு எதுவும் கூடாது. உரியும் தோலைக் கையால் பிய்க்காதீர்கள். துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் குடையும் அவசியம். கொப்புளம், நீர் வடிதல், தடித்த பொருக்கு ஆகியவை வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மேலே சொன்ன அசெலெயிக் அமிலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. 15 விழுக்காட்டு ஜெல்லாக ரோசேசியாவுக்கு 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து இது. தோலை உரிக்காமல், தினமும் மெல்லிதாகப் பூசும்போது புடைப்பையும் கருமையையும் சேர்த்தே குறைக்கும். தொடக்கத்தில் சற்று அரிக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின் களிம்புகளும் இருக்கின்றன. உரிப்புக்கு நாள் குறிக்கும் முன் இவற்றுள் எது தமக்குப் பொருந்தும் என்று மருத்துவரைக் கேட்கலாம்.